தாடிக்காரரின் கடைசிக் கேள்வி

"அக்கா, அந்தத் தாடிக்காரர் இன்னிக்கு நம்மளைக் கிழிகிழின்னு கிழிக்கப்போறார், பாரு" என்று தம்பி அவள் காதோரம் முணுமுணுத்தான்.

"வாயை மூடிக்கிட்டு லேப்டாப்பைத் திற."

மருத்துவமனையின் அத்தனை கிளைகளுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர் சிஸ்டம் கட்டித் தரும் வேலை அது. இரண்டு பெரிய கம்பெனிகள் இவர்களுக்கு முன்பே உள்ளே போய், சிரித்த முகத்தோடு வெளியே வந்துவிட்டன. இந்த வேலை கைக்கு வராவிட்டால், அக்காவும் தம்பியும் ராப்பகலாய் வளர்த்த கம்பெனிக்குப் பூட்டுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் மருத்துவமனை இயக்குநர் அம்மாள். பக்கத்தில் தாடிக்காரர். வணக்கம் கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"அவசரப் பிரிவுக்கு ஒருத்தர் மயக்கமா வர்றார். பேர் தெரியாது, ஊர் தெரியாது. அவரை இதுல சேர்த்துக் காட்டுங்க, பார்ப்போம்."

தம்பி தட்டினான். பெயரைப் போடு என்று திரை சிவப்பாய் முறைத்தது. மறுபடியும் தட்டினான். மறுபடியும் முறைத்தது.

"மயங்கிக் கிடக்கிறவரை எழுப்பிப் பேர் கேக்கணுமோ?"

தம்பி ஏதோ சமாளிக்க வாயெடுத்தான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

"எங்க தப்பு சார். இதை நாங்க யோசிக்கவே இல்லை. திருத்திடுறோம்."

அவர் விடவில்லை. மருந்து விவரத்தைப் பதியும்போது கரண்ட் போனால்? ஒரே நோயாளியின் பக்கத்தை இரண்டு நர்ஸுகள் ஒரே சமயத்தில் திறந்தால்? கேள்விகள் நறுக்நறுக்கென்று வந்து விழுந்தன. சிலவற்றுக்குப் பதில் இருந்தது, சிலவற்றை அக்கா நோட்டில் குறித்துக்கொண்டாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு குரல், ‘மனுஷன் வார்டு வார்டா அலைஞ்சிருக்கார்டி’ என்று சபாஷ் போட்டது.

"கடைசிக் கேள்வி" என்றார். "நாளைக்கு எங்களுக்கு உங்களைப் பிடிக்கலை. வேற ஆளைப் பார்த்துக்கிறோம்னு சொல்லிட்டோம். என்ன செய்வீங்க?"

"அப்படி ஒரு நிலைமையே வராது சார்" என்று தம்பி முந்திக்கொண்டான்.

"உங்களுக்கு முன்னாடி வந்தவங்களும் அதையேதான் சொன்னாங்க" என்று அவர் கொட்டாவி விட்டார்.

அக்கா யோசித்தாள். "புது ஆளுங்க காலூன்றுற வரைக்கும் கூடவே இருப்போம் சார். உங்க நோயாளிங்க விவரத்துல ஒரு எழுத்துகூடப் பிடிச்சு வச்சுக்க மாட்டோம். நாங்க எங்கெங்க சறுக்கினோமோ, அதையும் அவங்களுக்குச் சொல்லிடுவோம்."

"வேலையைப் பறிச்சுக்கிட்டவனுக்கா? வயிறு எரியாது?"

"எரியும் சார். எரிஞ்சுக்கிட்டேதான் சொல்லிக் கொடுப்போம். உள்ள படுத்திருக்கிறவங்க என்ன பாவம் பண்ணினாங்க?"

தாடிக்காரர் முதல் முறையாகச் சிரித்தார். இயக்குநர் அம்மாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

வராந்தாவில் காத்திருந்தவர்களிடம் அம்மாளே வந்து சொன்னார். "வேலை உங்களுக்குத்தான்."

தம்பி குதித்தே விட்டான். அக்காவுக்குக் கண் நிறைந்தது. கொஞ்சம் நிதானத்துக்கு வந்ததும் கேட்டாள்.

"மேடம், அந்த ஆலோசகரை எங்க பிடிச்சீங்க? உள்ள இருந்தப்ப அடிக்கலாம் போல இருந்துச்சு. இப்ப காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருக்கு. இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை."

"ஆலோசகரா?" அம்மாள் அவர் போன திசையைப் பார்த்தார். "நீங்க கழட்டப்போற பழைய சிஸ்டத்தைக் கட்டினவரே அவர்தாம்மா. இனிமே அவர் வேண்டாம்னு நான் சொன்னதும், அடுத்து வர்றவங்களைத் தானும் உக்காந்து பார்க்கணும்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்."