பட்டன் இல்லாத சட்டை

“இந்தாடி, இன்னும் ரெண்டு பட்டன் பாக்கி. சீக்கிரம் போடு!”

கூடத்து நாற்காலியில் ராஜா மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார் அப்பா. எதிரே முக்காலியில் அம்மா. முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களோடு அவர் சட்டை பட்டனிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள்தான் வந்திறங்கியிருந்த மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்ப்பா, அம்மா கை இருக்கிற இருப்பு தெரியலையா? நீங்களே போட்டுக்கிட்டா என்ன?”

“சுகர் வந்ததிலிருந்து எனக்கு விரலெல்லாம் மரத்துப் போகுதேம்மா.”

“அதுக்குத்தானே போன தடவை டீ-ஷர்ட் வாங்கிட்டு வந்தேன்?”

“அதுல பட்டனே இல்லையே!”

“பட்டன் இல்லைங்கிறதுக்காகத்தானே வாங்கினேன்!”

“எனக்குப் பிடிக்கலை. விடு.”

கடைசி பட்டனையும் ஒருவழியாகக் காஜாவுக்குள் நுழைத்துவிட்டு அம்மா விரல்களை உதறிக்கொண்டாள். வலி முகத்திலேயே தெரிந்தது.

“ஏங்க, உப்பு தீர்ந்து போச்சு. ஒரு எட்டு கடைக்குப் போய்ட்டு வந்துடுங்களேன்.”

“சாப்பிடறதுக்கு முன்னாடி பால் வாங்கப் போனேனே, அப்பவே சொல்றதுக்கென்ன?”

“மறந்துட்டேன்.”

“உன் மறதிக்கு என் செருப்பு தேயுது!” முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அவர் தலை மறைந்ததும் மகள் பொரிந்து தள்ளினாள். “போதும்மா நீ பட்டதெல்லாம். நாளைக்கு என்னோட கிளம்பி வந்துடு. அங்கே ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடமாட்டேன். இவருக்கு ஒரு ஆள் போட்டுக்கலாம்.”

“பார்க்கலாம்” என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தை போதாதா? மகள் மளமளவென்று அம்மாவின் துணிகளை எடுத்து மடித்தாள். மதியம் பெட்டி எடுக்க உள்ளறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அப்பா மடியில் ஒரு சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். ஒரே குத்தில் நூல் உள்ளே போனது.

“அப்பா!”

சட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“மரத்துப்போன விரலா இது?”

“ஷ்ஷ்! கத்தாதே. அம்மா காதுல விழுந்துடப் போகுது.” கதவைச் சாத்தினார். “அவ விரலை அசைச்சுக்கிட்டே இருக்கணும், இல்லைன்னா முடங்கிடும்னு டாக்டர் சொல்லி, அமுக்கறதுக்கு ஒரு பந்து குடுத்தார். உங்கம்மா அதைக் கட்டிலுக்கு அடியில உருட்டிவிட்டுட்டா. தனக்குன்னா எதுவும் செய்ய மாட்டா. எனக்குன்னா மலையையே புரட்டுவா. அதான் முதல்ல கோட்டு பட்டன், பெரிசு பெரிசா தைச்சு வச்சேன். அதைக்கூடப் போட முடியாம அழுதா. இப்போ பார், இந்த அளவுக்கு வந்துட்டா. நாளையிலிருந்து இது.”

உள்ளங்கையில் ஒரு குட்டிச் சட்டை பட்டன்.

“மன்னிச்சுடுங்கப்பா…”

“அட, அதை விடு. என் கவலையெல்லாம் அவ மறதிதான். தினமும் எதையாவது மறந்துட்டு என்னைக் கடைக்குத் துரத்தறா. நீ இருக்கும்போதே ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாமா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள் மகள். அம்மா சமையலை முடித்து இறக்கிக்கொண்டிருந்தாள். தட்டு எடுக்கலாம் என்று கீழ் அலமாரியைத் திறந்தவள் அப்படியே குந்திவிட்டாள்.

பாக்கெட் பாக்கெட்டாக உப்பு. பக்கத்தில் தீப்பெட்டிகள், சோப்புகள்.

“மூடு, மூடு! அவர் வந்துடப் போறார்.”

“என்னம்மா இதெல்லாம்?”

“ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டதும் நடக்கணும், அப்போதான் சுகர் ஏறாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். ‘ஊரையே பஸ்ல சுத்தின டிரைவர் நான், எனக்கெதுக்கு நடை’ன்னு இவர் உக்காந்துட்டார். வீட்டுல உப்பு இல்லைன்னா மட்டும் பறந்துடுவார்.”

“அப்போ அந்த பட்டன்…?”

“காலமெல்லாம் தையல் மிஷின் மிதிச்சவடி நான். பட்டன் மாறினது தெரியாமலா இருக்கும்? தைக்கிறதும் கோணல்மாணல்!” அம்மா சிரித்தாள். “வலிக்கத்தான் செய்யுது. ஆனா பாரு, இப்போ டம்ளரை ஒரு கையாலயே பிடிக்கிறேன்.”

மகள் போய் மடித்த துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

வாசலிலிருந்து அப்பாவின் குரல். “அடியேய், தெருமுனை வரைக்கும் போறேன். ஏதாவது வேணுமா? அப்புறம் மறந்துட்டேன்னு சொல்லக் கூடாது!”

“ஒண்ணும் வேண்டாங்க. சீக்கிரம் வாங்க, சாப்பாடு ஆறுது!”

மகள் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினாள் அம்மா.

“தீப்பெட்டி தீர்ந்துபோனது, அவர் சாப்பிட்டுக் கை கழுவினப்புறம்தான் எனக்கு ஞாபகம் வரும்.”