மடியில் நின்ற தூண்

கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு வீட்டுப் படத்தில், ஹாலுக்கு நடுவே ஒரு தூண் இருந்தது. வரைகிற பெண் அவசரத்தில் ஒரு சோபாவை அந்தத் தூணின் மேலேயே போட்டுவிட்டாள்.

"என் மடியை விட்டு எழுந்திரு," என்றது சோபா.

"நான் எங்கே உட்கார்ந்தேன்? நின்றுகொண்டிருக்கிறேன். மாடி முழுக்க என் தலைமேல் இருக்கிறது," என்றது தூண்.

அந்தப் படத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி பல்பு உண்டு. பல்பு அணைந்தால் அந்தப் பொருள் யார் கண்ணுக்கும் தெரியாது. அணைந்துவிடும்படி சோபா தூணின் பல்பிடம் கெஞ்சியது.

"எனக்கு மறைக்கத்தான் தெரியும், அகற்றத் தெரியாது," என்றது பல்பு.

"எனக்கு அது போதும்."

தூண் மறைந்தது. வீட்டுக்கார அம்மாள் வந்து பார்த்தார். "அடேயப்பா, ஹால் எவ்வளவு விசாலமா இருக்கு! சோபா இங்கேயே இருக்கட்டும்," என்றார்.

சோபா பூரித்துப்போனது. "உன்னை யாரும் தேடக்கூட இல்லை, பார்த்தாயா?" என்று தூணிடம் கேட்டது. தூண் மாடியைச் சுமந்துகொண்டிருந்தது.

அடுத்து, மேஸ்திரிக்குக் கொடுக்கும் படத்தைத் தயார் செய்தார்கள். அதில் மேஜை நாற்காலிக்கெல்லாம் வேலை இல்லை. தூணின் பல்பு எரிந்தது. சோபாவின் பல்பு அணைந்தது.

"நான் இங்கேதான் இருக்கிறேன்! அம்மாவுக்கு என்னைத்தான் பிடித்திருக்கிறது!" என்று சோபா கத்தியது.

"தெரியும்," என்றது தூண்.

மேஸ்திரி மனையில் படத்தை விரித்துப் பார்த்தார். சோபா கத்திக்கொண்டிருந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டு, தூணுக்குக் குழி வெட்டச் சொன்னார்.