நாலு மணி வண்டி

"பிரேக்குல ஒரு கோளாறும் இல்லண்ணே." மெக்கானிக் இதைச் சொல்வது இது இரண்டாவது தடவை.

சலவைக் கம்பெனியின் வேன் அது. சிக்னலில் நிற்கும்போது பெடல் தானாகக் கீழே இறங்குகிறது என்கிறார் டிரைவர். தினமும் இல்லையாம். அதுவும் சாயங்கால டிரிப்பில் மட்டும்தானாம்.

"காலையில நல்லா இருக்கிற பிரேக்கு நாலு மணிக்குக் கெட்டுப்போகுமா? அதுக்கும் வீட்டுக்குக் கிளம்புற அவசரமா?"

டிரைவர் சிரிக்கவில்லை.

மெக்கானிக் தெருக்கோடி வரை ஓட்டிப் போய் ஓங்கி மிதித்தார். வேன் ஆணி அடித்த மாதிரி நின்றது. சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஆள் சாயங்கால டிரிப்புக்கு டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டி, முதலாளியம்மாவிடம் போனிலும் சொல்லிவிட்டார்.

முதலாளியம்மா கறார் பேர்வழி. "அவரு பொய் சொல்றாரா, நீங்க சரியாப் பாக்கலையா? ரெண்டுல ஒண்ணு நாளைக்குள்ள தெரியணும். பொய்னா வேற டிரைவர் பாத்துக்கறேன்."

டிரைவர் கெஞ்சவில்லை. இன்று நாலு மணிக்குத் தன்னோடு ஒரு தடவை வந்து பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகும் பொய் என்றால் தானே சாவியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

மெக்கானிக் போனார். 'டிரைவர் தவிர யாரும் ஏறக் கூடாது' என்று வேன் கதவில் முதலாளியம்மா கைப்பட எழுதி ஒட்டியிருந்தார். பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வெளுத்த விரிப்புகள் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தன.

இரண்டு சிக்னல் தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது சிக்னலில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. வேன் மெல்ல முன்னால் நகர்ந்தது. டிரைவர் கைபிரேக்கை இழுத்து நிறுத்தினார்.

அப்போதுதான் மெக்கானிக் அவர் காலைக் கவனித்தார்.

"ஏண்ணே, பிரேக்கை மிதிக்கிறீங்களா, தடவிக் கொடுக்கறீங்களா?"

டிரைவர் உதட்டில் விரல் வைத்து, கண்ணாலேயே பின்பக்கம் காட்டினார்.

மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நம்ம கம்பெனியில இஸ்திரி போடுறவ. புருஷன் ஆஸ்பத்திரியில கிடக்கான். பகல் முழுக்க நின்னு வேலை. ராத்திரி அவன் பக்கத்துல முழிப்பு. அவ கண்ணை மூடுறதே இந்த முக்கால் மணி நேரம்தான்."

வேனை ஓரம் கட்டியதும் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். மெக்கானிக் பெடலில் கால் வைத்தார், இந்தத் தடவை மெல்ல. பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு தெருதான். ஓரமாக ஊர்ந்து போய் அவளை இறக்கிவிட்டு, வேனை நேராகப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை முதலாளியம்மாவே பட்டறைக்கு வந்தார். டிரைவர் ஒரு ஓரமாக நின்றார்.

"பொய் யாரு?"

"தப்பு என் கால்லதாம்மா. மாஸ்டர் சிலிண்டர்ல ரப்பர் தேஞ்சுபோச்சு. ஓங்கி மிதிச்சா விரிஞ்சு அடைச்சுக்குது. மெல்ல மிதிச்சுக்கிட்டே நின்னா பிரேக் ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவிடுது, பெடல் இறங்கிடுது. நான் ரெண்டு தடவையும் ஓங்கித்தான் மிதிச்சேன்."

"அவரு மட்டும் ஏன் அவ்வளவு மெல்ல மிதிக்கிறாரு?"

உண்மையைச் சொன்னால் டிரைவரின் வேலை போய்விடும். மெக்கானிக்தான் பதில் சொன்னார்.

"சில பேருக்குக் காலே அப்படிம்மா."

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. புது சிலிண்டர் போடுங்க. நாலு மணிக்கு வண்டி வேணும்."

டிரைவர் விட்டால் போதும் என்று டீ வாங்கக் கிளம்பினார்.

"இன்னிக்கு முடியாதும்மா. சாமான் வாங்கணும், மாட்டணும், ஓட்டிப் பாக்கணும்."

"நாலு மணி."

பிரேக் இல்லாத வண்டிக்குக்கூட ஒரு நாள் ஓய்வு கொடுக்க மனசில்லையே என்று மெக்கானிக்குக் கோபம் வந்தது. "ஒரு நாளைக்கு வாடகை வண்டி பிடிங்களேன். மூட்டைதானே, எதுல போனா என்ன?"

டிரைவர் தெருவைத் தாண்டிவிட்டாரா என்று பார்த்துக்கொண்டு முதலாளியம்மா குரலைத் தாழ்த்தினார்.

"மூட்டை எதுல வேணா போயிடும். அந்தப் பொண்ணு எதுல தூங்குவா?"