ஐந்து மூக்குகளின் புகார்

புகார் பிரிவிலிருந்தே ஒரு புகார் வந்திருந்தது. சிரிப்பதா கோபப்படுவதா என்று மேலாளருக்குத் தெரியவில்லை.

பார்சல் கம்பெனி அது. தொலைந்த பெட்டி, உடைந்த ஜாடி என்று வாடிக்கையாளர்கள் நிரப்பித் தரும் அதே படிவத்தில்தான் எழுதியிருந்தார்கள்.

‘பொருள்: சென்ட். வந்து சேரும் நேரம்: தினமும் காலை ஒன்பது மணி. சேதம்: ஐந்து மூக்குகள். கோரிக்கை: அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பவும்.’

கீழே ஐந்து கையெழுத்து. அந்தப் பிரிவில் இருப்பதே ஆறு பேர். ஆறாவது ஆள்தான் குற்றவாளி. ஒரு வரியில் முடிகிற பதிலைப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவதால் அவனுக்குக் ‘கட்டுரை’ என்று பெயர்.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். கட்டுரைக்கு முன்னால் அவன் வாசனை உள்ளே வந்தது. மிளகு, ஏலக்காய், அதற்கடியில் லேசாகப் புகை.

நல்ல வாசனைதான். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் விசாரணை எப்படி நடக்கும்? மேலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

“என்னய்யா இது, மளிகைக் கடை மூட்டைக்குள்ளே படுத்து எழுந்து வர்றியா?”

“காலையில அப்படித்தான் சார் இருக்கும். பதினோரு மணிக்கு மேல கிராம்பு, பட்டை வெளியில வரும். சாப்பாட்டு நேரத்துக்கு மர வாசனையா மாறிடும்.”

“கட்டுரை எழுதச் சொன்னேனா? இது ஆம்பளை சென்ட்டா, பொம்பளை சென்ட்டா?”

“ரெண்டு பேரும் போடுறது சார். அதுக்காகவே நாலு கடை ஏறி இறங்கி வாங்கினேன்.”

“மத்தியானம் இன்னொரு தடவை வேற அடிச்சுக்கிறியாமே?”

“அதுக்குள்ளே தோலோட தோலா அடங்கிடுது சார். பக்கத்துல வந்தாத்தான் தெரியும். எனக்கு ரூம் முழுக்கத் தெரியணும்.”

திமிரைப் பாருங்கள்! மேலாளருக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

“ஜன்னல் திறக்க முடியாத ஏசி ரூம் அது. மத்தவங்க மூச்சு விட வேண்டாமா? நாளையிலேர்ந்து போடாதே.”

“இன்னும் மூணே மூணு வாரம் சார்.”

“அப்படியா? அப்ப நாளையிலேர்ந்து நீ குடோன்ல இரு. அங்கே போய் எவ்வளவு வேணும்னாலும் அடிச்சுக்கோ.”

கட்டுரையின் முகம் வெளுத்துவிட்டது. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

“அந்த சீட்டை விட்டு மட்டும் என்னை மாத்தாதீங்க சார். சொல்லிடறேன், உங்களோட இருக்கட்டும். பக்கத்து சீட் அக்கா ஆபரேஷன் முடிஞ்சு போன மாசம் திரும்ப வந்தாங்கள்ல? குடல் ஆபரேஷன். மலம் வெளியேற வயித்துல பை மாட்டியிருக்காங்க. அவங்க யார்கிட்டயும் சொல்லலை. எங்க அப்பாவுக்கும் மாட்டியிருந்தாங்க, அதனால எனக்குப் புரிஞ்சுபோச்சு.”

“சரி...”

“எப்பவாவது லேசா வாடை வரும் சார். அக்கா திரும்ப வேலைக்கு வந்த மறுநாளே, ‘தம்பி, நீ நல்லா எழுதுவே, எனக்கு ஒரு ராஜினாமா கடிதம் எழுதித் தா’ன்னு கேட்டாங்க. புருஷன் இல்லை, படிக்கிற புள்ளைங்க ரெண்டு பேர். எழுதறேன், எழுதறேன்னு இழுத்துக்கிட்டிருக்கேன். அடுத்த ஆபரேஷனுக்கு இன்னும் மூணு வாரம். அதோட பையை எடுத்துடுவாங்க.”

“அதுக்கு எதுக்குய்யா ரெண்டு பேரும் போடுற சென்ட்?”

“ஆம்பளை சென்ட்னா அது என்கிட்டேர்ந்து, மத்த வாடை அவங்ககிட்டேர்ந்துன்னு பிரிச்சுடுவாங்க சார். இதுல எது யார்கிட்டேர்ந்து வருதுன்னு பிரிக்க முடியாது.”

மேலாளர் புகாரை மடித்து ஓரமாக வைத்தார். “போ, உன் சீட்லயே போய் உட்காரு” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நிமிடம் புகாரை எழுதியவளைக் கூப்பிட்டார். அவள் பேசினால் மாடிப்படி வரைக்கும் கேட்கும். அதனால் அவளுக்கு ‘மைக்’ என்று பெயர்.

“மனுஷங்களாம்மா நீங்கல்லாம்? ஒருத்தன் எதுக்காக சென்ட் போடுறான்னு தெரிஞ்சுக்காம, கும்பலா சேர்ந்துக்கிட்டு...”

“தெரியும் சார்.”

மைக் இவ்வளவு மெதுவாகப் பேசி மேலாளர் கேட்டதே இல்லை.

“என்ன தெரியும்?”

“அக்கா விஷயம். எங்க நாலு பேருக்கும் தெரியும். எங்களுக்கும் மூக்கு இருக்கில்ல சார்? அவன்தான் தனக்கு மட்டும் தெரியும்னு நெனைச்சுக்கிட்டிருக்கான், பாவம்.”

“தெரிஞ்சுமா அவன் மேல புகார் எழுதினீங்க? அவனைக் குடோனுக்கு அனுப்பியிருப்பேனே!”

“ஐயோ சார்! நம்ம ஆபீஸ்ல இதுவரைக்கும் எந்தப் புகாருக்கு நடவடிக்கை எடுத்திருக்கோம்? அந்த தைரியத்துலதான் எழுதினோம்.”

மேலாளர் மடித்து வைத்த புகாரைத் திரும்பப் பிரித்தார்.

“சரி, அப்ப எதுக்குத்தாம்மா எழுதினீங்க?”

“அக்காகிட்ட கையெழுத்து வாங்கத்தான் சார். வந்ததிலேர்ந்து சீட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கிறாங்க. எங்க கூட ஒரு டீ குடிக்க வர்றதில்லை. இன்னிக்குக் காலையில இந்தப் புகாரைக் கொண்டுபோய் நீட்டினோம். பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு, ‘அப்ப உங்க யாருக்கும் வேற எந்த வாடையும் வரலையா?’ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க சார். இல்லவே இல்லைன்னு நாலு பேரும் சத்தியம் பண்ணோம். அதுக்கப்புறம்தான் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாங்க.”