வெயிலில் காய்ந்த பனியன்

இரண்டு மலைமுகடுகளில் இருந்த காவல்படைகளும் ஒளிக்கதிர் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். கதிர் மறைந்தால் கருவி தானாக ரேடியோவுக்கு மாறிவிடும். ரேடியோவில் பேசினால் பேசுகிற இடத்தை எதிரி கண்டுபிடித்துவிடுவான். இதெல்லாம் தெரிந்தும், அரிதாக வெயிலடித்த அந்த மதியம், கருவிக்குப் பொறுப்பான சவரிநாதன் ஈரப் பனியனை லென்சுக்கு முன்னால் காயப்போட்டான். பத்து நிமிடத்தில், ரேடியோவுக்கு மாறியது தெரியாமல் பேசிய எதிர்முகட்டில் குண்டு விழுந்தது. கதிரை மேகம் மறைத்தது என்று அறிக்கை எழுதிக்கொடுத்தான்.

மருத்துவமனையில், அந்தக் குண்டில் ஒரு காலை இழந்த மாடசாமி சவரிநாதனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மேகம் வந்து மறைச்சா நீ என்னல செய்வ? மனசப் போட்டு உழப்பாத."

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் சவரிநாதன் வந்திருந்தான். வாயைத் திறந்தபோது "ஆமா" என்றுதான் வந்தது.

மாடசாமி பக்கத்துக் கட்டில்காரரிடம், "எங்க ஊர்க்காரன்ணே. எனக்காவ ரெண்டு நாளா சாப்பிடல" என்றான்.

சவரிநாதன் போர்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டான்.