சகாயசெல்வியின் இங்கிலீஷ்

"செல்போன் வச்சு இங்கிலீஷ் கத்துக்குடுக்கிறீங்க, சரி. ஒரு புள்ளையாவது சுத்தமா பேசட்டும். இல்லேன்னா நாளையிலேர்ந்து வகுப்புல போன் கிடையாது!"

தலைமையாசிரியர் கறாராகச் சொன்னதும் ஆசிரியர் பிரபாகரனுக்கு வியர்த்தது. வீட்டுப் போன்களைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் திருதிருவென விழித்தார்கள்.

சகாயசெல்வி எழுந்தாள். "தி சப்ஸ்கிரைபர் யூ ஆர் காலிங் இஸ் நாட் ரீச்சபிள். ப்ளீஸ் ட்ரை லேட்டர்."

வகுப்பே சிரித்தது.

"போன்ல பேசுற பொம்பளையே தோத்துட்டா! நடத்துங்க சார்" என்று தலைமையாசிரியரும் சிரித்தபடி கிளம்பினார்.

பிரபாகரனுக்கு உயிர் வந்தது. "எப்படிம்மா இவ்வளவு சுத்தமா வருது?"

அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"போன டிசம்பர்ல ஊருக்குள்ள கடல் அலை வந்ததுலேர்ந்து தினம் அப்பாவுக்குப் போன் போடுறோம் சார். தமிழ்ல 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்'னு சொன்னதுமே அம்மா போனை என்கிட்ட குடுத்துட்டுப் போயிடுவாங்க. நான்தான் இங்கிலீஷும் முடியிற வரைக்கும் காதுல வச்சிருப்பேன்."