விரலை எடுக்கும் முன்

“இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும் மேடம். தப்பு உங்க புரோகிராம்லயா, இவர் கையிலயா?”

மேற்பார்வையாளர் பதினொரு புகார்த் தாள்களை மேசைமேல் பரப்பினார். பதினொன்றிலும் ஒரே வரிதான். ‘நிறுத்து பொத்தான் வேலை செய்யவில்லை.’ கீழே ஒரே ஆளின் கையெழுத்து.

கையெழுத்துக்குச் சொந்தக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மீசைக்காரர். குடிநீர் பம்புகள் ஆறையும் கணினித் திரையிலிருந்து ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர் வேலை.

“என் புரோகிராம்ல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல சார்” என்றாள் புரோகிராமர். வாய்ச்சவடால் இல்லை. எட்டு வருடத்தில் அவள் எழுதிக் கொடுத்த எதுவும் திரும்பி வந்ததில்லை.

“அப்ப இவரை ஸ்டோருக்கு மாத்திட வேண்டியதுதான். அடுத்த ஷிப்ட்ல வர்றவங்களும் இதே பொத்தானைத்தான் அமுக்குறாங்க. அவங்க பேர்ல ஒரு புகார் உண்டா? போன வாரம் ஷிப்ட் மாறுற நேரத்துல பம்ப் நிக்காம, தொட்டி வழிஞ்சு, ரோடெல்லாம் தண்ணி. வயசானா கை சொன்ன பேச்சு கேக்காது.”

“மீசையைப் பத்திக்கூடப் பேசுங்க சார், பொறுத்துக்கறேன். கையைப் பத்திப் பேசாதீங்க” என்றார் மீசைக்காரர்.

அவள் பம்புகளின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, சோதனைக்காக உட்கார்ந்தாள். நாற்பது முறை அழுத்தினாள். நாற்பது முறையும் பொத்தான் கீழ்ப்படிந்தது. கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஏதாவது பொத்தான்மேல் படுத்துக்கொண்டு அழுத்தத்தை விழுங்குகிறதா என்று தேடினாள். இல்லை. வேறு வேலையில் மாட்டிக்கொண்டு திரை உறைந்துபோகிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. மவுஸை மாற்றிப் பார்த்தாள். எல்லாம் கண்ணாடிபோல் சுத்தம்.

“அண்ணே, நீங்க உக்காருங்க. பத்து தடவை அமுக்குங்க.”

பத்தில் மூன்றுதான் பலித்தது.

மேற்பார்வையாளர் தொண்டையைக் கனைத்தார். “நான்தான் சொன்னேனே?”

இந்த முறை, மவுஸின் ஒவ்வொரு அசைவும் பக்கத்து மடிக்கணினியில் பதிவாகும்படி செய்துவிட்டு, மறுபடி அழுத்தச் சொன்னாள். விடை வரிவரியாக வந்து விழுந்தது. அழுத்தியது பொத்தானுக்கு உள்ளே. விரலை எடுத்தது, மயிரிழை வெளியே.

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தாள். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற நடுக்கம். அழுத்துவதற்கும் எடுப்பதற்கும் நடுவில் அம்புக்குறி விளிம்பைத் தாண்டி நழுவிவிடுகிறது. நழுவினால், ஆள் மனசு மாறிவிட்டார் என்று கணினி சும்மா இருந்துவிடும். அநேகமாக எல்லாப் பொத்தான்களுக்கும் அதுதான் வழக்கம்.

ஆக, அவள் எழுதியது சரி. சொல்லிவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். வாயைத் திறந்தாள்.

“பாத்துட்டீங்கல்ல?” மீசைக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்ன வேணா எழுதிக்குங்கம்மா. ஆனா ஒரு கேள்வி. நிறுத்தணும்னு ஒரு ஆள் அமுக்கியாச்சு. விரலை எடுக்கற வரைக்கும் உங்க பொத்தான் யாருக்காகக் காத்திருக்கு? தண்ணி காத்திருக்குமா?”

சுருக்கென்று இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. கடிதம் அச்சடிக்கிற பொத்தானுக்கும், ஊர் மூழ்காமல் காக்கிற பொத்தானுக்கும் ஒரே வழக்கத்தை வைத்துவிட்டுத் தூங்கப் போனவள் அவள்தான்.

மடிக்கணினியை இழுத்தாள். விரல் அழுத்திய நொடியிலேயே நிறுத்தும்படி மாற்றினாள். பொத்தானை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கினாள். கால் மணி நேர வேலை.

“இப்ப அமுக்குங்க.”

கை நடுங்கத்தான் செய்தது. பத்துக்குப் பத்தும் பலித்தது.

“தப்பு என்னோடது சார். நிறுத்தற பொத்தானை நான் இப்படித்தான் செஞ்சிருக்கணும். அறிக்கையில அப்படியே எழுதிக்குங்க” என்றாள்.

எட்டு வருடத்தில் முதல் தப்பு. ஆனாலும் அவள் தலை குனியவில்லை. நல்ல வேலை செய்த ஆளுக்கு இருக்கிற மிடுக்கு இருந்தது.

மேற்பார்வையாளர் எழுதினார், தாள்களை வாரிக்கொண்டு வெளியேறினார்.

பையை மூடும்போது அவள் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் கழன்று தொங்கியது. தரையில் உருண்ட திருகாணியை மீசைக்காரர் குனிந்து எடுத்தார். கடுகளவுகூட இல்லை. இழுப்பறையிலிருந்து ஊசி மாதிரி ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நின்றபடியே திருகாணியைத் துளையில் வைத்து ஒரே மூச்சில் முடுக்கினார். விரல் இம்மியும் அசையவில்லை.

நீட்டிய கண்ணாடியை அவள் வாங்கவில்லை. அவர் கையையே பார்த்தாள்.

“அண்ணே... நடுங்கவே இல்லையே?”

மீசைக்காரர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீசையை நீவினார்.

“அடுத்த ஷிப்ட்ல வர்றது என் சம்சாரம்மா. ஆறு பம்புல எது மூச்சு வாங்குதுன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவா, அவளையா ஸ்டோர்ல உக்கார வைக்கறது? அதான் அவளுக்கு அமுங்காததையெல்லாம் என் பேர்ல எழுதிப் போட்டேன். அவ கை எப்படி நடுங்குமோ அப்படியே நடுக்கிக் காட்டத்தான் ஒரு மாசம் பழக வேண்டியதாயிடுச்சு.”